ரைஸ் குக்கருக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர்: காந்தத்தின் பிடி விடும் இடத்தைக் கண்டுபிடித்த பியர் க்யூரி

இன்றைக்குக் காலையில் உங்கள் சமையலறையில் இரண்டு முறை டக் என்று சத்தம் கேட்டிருக்கும். முதல் டக், கேஸ் லைட்டர். இரண்டாவது டக், சோறு வெந்ததும் ரைஸ் குக்கரின் லீவர் தானாக மேலே எகிறுகிற சத்தம். பி.ஜி-யில் தங்கி வேலைக்குப் போகிறவர் என்றால், அந்த இரண்டாவது டக்தான் உங்களுக்கு டின்னர் பெல்!

இந்த இரண்டு சத்தத்துக்கும் பின்னால் ஒரே ஆள் இருக்கிறார். நம் பள்ளிப் புத்தகங்களில் அவருக்கு இருந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான், மேடம் க்யூரியின் கணவர். பெயர் பியர் க்யூரி. நோபல் பரிசு வாங்கிய ஒருவரை மனைவியின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது உலகத்திலேயே அபூர்வம். அவர் இருந்திருந்தால் இதற்காகக் கோபப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

முதலில் குக்கர் விஷயத்தை முடித்துவிடுவோம். பட்டனை அழுத்தி ஆன் பண்ணுகிற சாதாரண குக்கரின் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள் (ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு!). நடுவில் ஸ்பிரிங் வைத்த வட்டமான ஒரு மூடி இருக்கும். அதற்குள்ளே ஒரு நிரந்தரக் காந்தமும், அது போய் ஒட்டிக்கொள்ள ஃபெரைட் என்கிற காந்தப்பொருளில் ஒரு துண்டும் உண்டு. நீங்கள் லீவரை அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கரன்ட் ஓடும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீரை எல்லாம் அரிசி குடித்து முடித்ததும் சூடு மளமளவென்று ஏறும். அந்த ஃபெரைட் துண்டு, 100-ஐக் கொஞ்சம் தாண்டினாலே காந்தத்தன்மையை இழந்துவிடும்படி தயார் செய்யப்பட்டது. ஒட்டியிருந்த காந்தத்துக்குப் பிடிமானம் போய்விடும். ஸ்பிரிங் ஜெயிக்கும். டக்.

சிப் இல்லை, ஆப் இல்லை. ஒரு காந்தப்பொருள் தன் காந்தத்தை மறக்கிற அந்த வெப்பநிலைக்கு க்யூரி வெப்பநிலை என்று பெயர். நம்ம ஆளின் பெயர்தான்.

ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்களின் ஈர்ப்பை எப்படிக் குறைப்பது? ஃபிரிட்ஜ் காந்தத்தோடு மல்லுக்கட்டிய எல்லாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். எளிய வழி, தூரம். சின்னக் காந்தங்களுக்கு இடையே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலே இழுவிசை சரசரவென்று விழுந்துவிடும். நடுவில் நான்கு விசிட்டிங் கார்டு வைத்துப் பாருங்கள், தெரியும். நேராகப் பிடித்து இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தினால் சுலபமாகப் பிரியும். நடுவில் நல்ல தடிமனான இரும்புத் தகடு வைத்தால், ஒரு காந்தத்தின் விசை பெரும்பகுதி அந்தத் தகட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு அடுத்த காந்தம் வரை போய்ச் சேராது. தகடு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு கதை.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பாட்டி வைத்தியமே இருந்தது. காந்தத்தின் மேல் பூண்டைத் தேய்த்தால் அதன் சக்தி போய்விடும் என்று பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். ஆமாம், நாம் ரசத்தில் போடுகிற அதே பூண்டுதான். 1600-ல் காந்தத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், இது சுத்தக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார். காந்தத்தின் சக்தியை உண்மையில் அழிப்பது நெருப்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால், எவ்வளவு சூட்டில்? எந்தப் பொருள் எப்போது கைவிடும்? ஒரேயடியாக விடுமா, கொஞ்சம் கொஞ்சமாக விடுமா? ஏறக்குறைய 300 வருடங்கள் கழித்து, பல பொருட்களை வரிசையாக எடுத்து, சூட்டை ஏற்றி ஏற்றி அளந்து, இதற்கு ஓர் ஒழுங்கான பதில் சொன்னவர்தான் பியர்.

ஸ்கூலுக்கே போகாத பையன்

பியர் 1859 மே 15 அன்று பாரீஸில் பிறந்தார். அப்பா யூஜின் க்யூரி டாக்டர், காசு சேர்க்கத் தெரியாத டாக்டர். 1871-ல் பாரீஸ் தெருக்களில் சண்டை நடந்தபோது, காயம்பட்டவர்களுக்காகத் தன் வீட்டையே மருத்துவமனையாக மாற்றியவர்.

சின்ன வயதில் பியருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு விஷயத்தில் மனசு போய்விட்டால் அதிலிருந்து அவரைப் பிடுங்கவே முடியாது. பெல் அடித்ததும் கணக்கை மூடிவிட்டு வரலாறைத் திறக்கிற வேலையெல்லாம் அவருக்கு ஆகவே ஆகாது. இப்படிப்பட்ட பையன் பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கிவிடுவான் என்று அப்பா புரிந்துகொண்டார். அனுப்பவே இல்லை. அம்மா, அப்பா, அண்ணன் ஜாக், பிறகு ஒரு கணித ஆசிரியர் என்று எல்லாப் பாடமும் வீட்டில்தான். மிச்ச நேரம் வயல், குளம், தவளை, செடி. என்ன ஆச்சு தெரியுமா? 16 வயதில் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். 18 வயதில் பட்டம்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள். 1880-ல், பியருக்கு 21 வயதுகூட முழுசாக முடியாத சமயத்தில், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று இருவரும் கண்டுபிடித்தார்கள். உங்கள் கேஸ் லைட்டரில் நடப்பது இதுவேதான். உள்ளே இருக்கும் சுத்தியல் ஒரு படிகத்துண்டை ஓங்கி அடிக்கிறது, மின்பொறி பறக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன், கையில் கட்டும் குவார்ட்ஸ் வாட்ச் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

அப்புறம் அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பியர், பாரீஸில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் ஏறக்குறைய ஃபேக்டரி தொழிலாளி வாங்குகிற அளவு. சொந்தமாக ஒரு ஆய்வறை கிடையாது. மாடிப்படிக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருந்த நடைவழியில் கருவிகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். காந்த ஆராய்ச்சி முழுக்க அந்த நடைவழியில் நடந்ததுதான்.

டாக்டர் பட்டத்துக்குக்கூட அவர் விண்ணப்பிக்கவில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. பிரிட்டனின் லார்டு கெல்வின் தேடிவந்து பார்த்துவிட்டுப் போனார். உள்ளூரில் சீந்துவார் இல்லை. யாரையும் போய்ப் பார்க்கமாட்டார், பதவி உயர்வுக்காக யார் வீட்டு வாசலிலும் நிற்கமாட்டார். லிங்க்ட்இன் இருந்திருந்தால் அவருக்குப் பத்து கனெக்‌ஷன்கூடத் தேறியிருக்காது.

1,400 டிகிரி வரை ஒரு பயணம்

அவர் செய்த சோதனையை எளிமையாகச் சொல்கிறேன். ஒரு பொருளைச் சின்ன உலையில் வைத்துச் சூடாக்க வேண்டும். பக்கத்தில் பலமான மின்காந்தம். அந்தப் பொருளை மின்காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்று, கம்பியின் முறுக்கை வைத்து அளக்கும் மிக நுட்பமான தராசில் பார்க்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் சூடு, இன்னொரு அளவு. அறை வெப்பநிலையில் தொடங்கி ஏறக்குறைய 1,400 டிகிரி வரை இப்படி. ஆக்சிஜன், நிக்கல், இரும்பு என்று ஒவ்வொரு பொருளுக்கும் முதலிலிருந்து. வருடக்கணக்கில். ஒரு விஷயத்திலிருந்து மனசைப் பிடுங்கத் தெரியாத பையன் வளர்ந்தால் எதற்குப் பயன்படுவான் என்று இப்போது புரிகிறதா?

கிடைத்த விடை அழகானது. இரும்பைச் சூடாக்கினால் ஆரம்பத்தில் பெரிய மாற்றம் தெரியாது. போகப்போகக் காந்த இழுப்பு வேகமாகச் சரியும். சுமார் 770 டிகிரியில் வலுவான காந்தத்தன்மை மொத்தமாகப் போய்விடும். அதற்கு மேலே இரும்பு, காந்தத்தைக் கண்டும் காணாதது மாதிரி இருக்கும் ஒரு சாதாரணப் பொருள். இரும்பு உருகவே 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பார்க்கத் திடமாக அப்படியேதான் இருக்கும். உள்ளே ஒன்று மட்டும் கலைந்திருக்கும். நிக்கலுக்கு இந்தக் கோடு சுமார் 358 டிகிரியிலேயே வந்துவிடும். கோபால்ட் 1,100-ஐத் தாண்டும்வரை பிடிவாதமாக நிற்கும்.

உள்ளே கலைவது என்ன? ஸ்கூல் பிரேயர் கிரவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பில் இருக்கும் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து எல்லாரும் ஒரே திசையில் திரும்பி நிற்கிறார்கள், அதனால் கூட்டத்துக்கே ஒரு பலம். வெயில் ஏற ஏற நெளிய ஆரம்பிக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் ஆளுக்கொரு திசை, வரிசை என்ற ஒன்றே இல்லை. இந்த விளக்கம் பியர் கொடுத்தது இல்லை. அவரிடம் படித்த பால் லான்ஜ்வான் 1905-லும், பியர் வைஸ் என்ற இன்னொரு விஞ்ஞானி 1907-லும் கட்டி எழுப்பியது. அவர்கள் நின்று கட்ட, தரை போட்டுக்கொடுத்தவை நடைவழியில் எடுத்த அந்த அளவுகள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுக் காந்தத்தை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஹெட்போனிலும் பொம்மைகளிலும் வரும் பளபளப்பான நியோடைமியம் காந்தங்கள் பலவும் 80 டிகிரியிலேயே வலுவை இழக்கத் தொடங்கிவிடும். ஆறினாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பாது. மேலே இருக்கும் பூச்சு தீய்ந்தால் வரும் புகையும் நல்லதில்லை.

காந்தம் சேர்த்துவைத்த ஜோடி

இனி நீங்கள் காத்திருந்த பகுதி. இளைஞராக இருந்தபோது பியர் தன் டைரியில், பெண்களில் மேதைகள் அபூர்வம் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதிவைத்திருந்தார். இன்றைக்கு யாராவது போஸ்ட் போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓட்டியிருப்போம். வாழ்க்கை அதைவிட நல்ல பதிலடி கொடுத்தது.

1894 வசந்த காலம். போலந்திலிருந்து வந்து பாரீஸில் படித்துக்கொண்டிருந்த மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா என்ற 26 வயதுப் பெண்ணுக்கு ஒரு ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. பல வகை எஃகுகளின் காந்தத்தன்மையைச் சோதிக்க வேண்டும். காசு கிடைத்துவிட்டது, கருவிகள் வைக்க இடம் இல்லை. நாட்டுக்காரரான ஒரு இயற்பியல் பேராசிரியரிடம் சொல்ல, காந்தம் பற்றி ஆராய்கிற ஒருவரைத் தெரியும், அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தன் வீட்டுக்கு இரண்டு பேரையும் அழைத்தார். இடம் கேட்கப் போன பெண்ணும், தனக்கே இடம் இல்லாத மனிதரும் அப்படித்தான் சந்தித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். எஃகு காந்தத்தை எப்படி இறுகப் பிடித்துவைக்கிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். எந்தச் சூட்டில் காந்தம் பிடியை விடுகிறது என்று இவர் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சினிமா டைரக்டர் இப்படி சீன் எழுதினால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

பியர் அவருக்குக் கொடுத்த முதல் பரிசு, தான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதி. பூங்கொத்து இல்லை! ஆனால், மரியா சரி என்று சொல்லவில்லை. படிப்பை முடித்துவிட்டு அப்பாவிடம், அன்னியர் ஆட்சியில் இருந்த தன் நாட்டுக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் திட்டம். அந்தக் கோடையில் ஊருக்குப் போயும்விட்டார். பியர் கடிதமாக எழுதித் தள்ளினார். ஒரு கட்டத்தில், நீ வராவிட்டால் நானே போலந்துக்கு வந்துவிடுகிறேன் என்கிற அளவுக்கு இறங்கிவந்தார். அங்கே அவருக்கு ஆய்வுக்கூடம் எல்லாம் காத்திருக்கவில்லை. பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைதான். காதலிக்காகக் கரியரை விடச் சொல்கிற ஆண்களைத்தான் நாம் நிறைய பார்த்திருக்கிறோம், தானே விடத் தயாரான இந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். நல்லவேளை, மரியாவே திரும்பி வந்தார்.

1895 மார்ச்சில், 35 வயதில், பியர் காந்த ஆராய்ச்சியை சமர்ப்பித்து ஒருவழியாக டாக்டர் பட்டம் வாங்கினார். ஜூலை 26-ல் கல்யாணம். மோதிரம் இல்லை, சர்ச் இல்லை, வெள்ளை கவுன் இல்லை. பிறகு ஆய்வகத்திலும் உடுத்திக்கொள்ள வசதியாக அடர்நீல உடை ஒன்று. அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, அதிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். அதுதான் ஹனிமூன்.

1897-ல் மகள் ஐரீன் பிறந்தாள். அதே மாதம் பியரின் அம்மா இறந்துபோனார். தனியாகிப்போன டாக்டர் யூஜின், மகன் வீட்டுக்கு வந்து பேத்தியை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இந்தத் தாத்தா இல்லை என்றால் ரேடியம் இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த வருடக் கடைசியில் மேரி, யுரேனியத்திலிருந்து வரும் மர்மக் கதிர்களை அளக்கத் தொடங்கினார். அளக்க உதவியது, க்யூரி சகோதரர்களின் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துச் செய்த கருவி. விஷயம் பெரிது என்று தெரிந்ததும் 1898-ல் பியர் தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு மனைவியின் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார். ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். ஒழுகும் கூரை கொண்ட ஒரு பழைய ஷெட்டில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ரேடியத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்கலாம். இருவரும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

1903-க்கு வருவோம். நோபல் பரிசுக்காக பிரெஞ்சு அகாடமிக்காரர்கள் சிலர் அனுப்பிய பரிந்துரையில் ஆன்றி பெக்கரல், பியர் க்யூரி என்று இரண்டு பெயர்கள் மட்டுமே இருந்தன. மேரி இல்லை. ஸ்வீடன் கணித மேதை மித்தாக்-லெஃப்லர் இந்தச் சங்கதியை பியரின் காதில் போட்டார். பியர் உடனே பதில் எழுதினார். தன்னைப் பரிசீலிப்பது உண்மையென்றால், கதிரியக்க ஆராய்ச்சியில் மேரியோடு சேர்த்தே பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பேசாமல் இருந்திருந்தால் பரிசு தானாக வந்திருக்கும். அதுவும் அவர் ஏற்கெனவே அகாடமி தேர்தலில் நின்று தோற்றுப்போயிருந்த நேரம். அந்தக் கடிதம்தான் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் என்று மேரியை நாம் சொல்வதற்கு வழிவிட்டது.

அதே வருடம் பிரெஞ்சு அரசு ஒரு பெரிய விருதைக் கொடுக்க முன்வந்தபோது, தனக்குத் தேவை ஆய்வுக்கூடம், விருது இல்லை என்று மறுத்துவிட்டார்.

உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. எலும்புக்குள் வலி, ஓயாத களைப்பு. விரல்கள் தடித்துப்போயின. ரேடியத்தைத் தன் கையிலேயே வைத்துப் புண்ணாக்கி, அது எப்படி ஆறுகிறது என்று குறிப்பெடுத்தவர் அவர். இவ்வளவு செய்தும் வலிக்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று முழுசாகச் சந்தேகப்படவில்லை. பரிசு வாங்கவே 1905 ஜூனில்தான் ஸ்வீடன் போக முடிந்தது. கெட்டவர்கள் கையில் ரேடியம் ஆபத்தாகலாம் என்று அந்த மேடையிலேயே கவலைப்பட்டார். ஆனாலும் புதிய கண்டுபிடிப்புகளால் மனிதருக்கு நன்மையே அதிகம் என்று நம்புபவர்களில் தானும் ஒருவன் என்று முடித்தார்.

1904-ல் சோர்போன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. மேரிக்கும் ஆய்வகத்தில் சம்பளத்தோடு பதவி. இரண்டாவது மகள் ஈவ் பிறந்தாள். எல்லாம் ஒரு வழிக்கு வந்த மாதிரி இருந்தது.

1906 ஏப்ரல் 19, வியாழக்கிழமை. மழை. சீன் நதிப் பாலத்துக்குப் பக்கத்தில், நெரிசலான டாஃபின் தெருவைக் குடையோடு கடந்துகொண்டிருந்தார். ராணுவச் சீருடைகள் ஏற்றிவந்த கனமான குதிரை வண்டி எதிரே வந்தது. ஈரத்தில் கால் வழுக்கியது. குதிரைகளிடமிருந்தும் முன்சக்கரங்களிடமிருந்தும் தப்பித்தவரின் தலையில் பின்சக்கரம் ஏறியது. அங்கேயே உயிர் போய்விட்டது. 46 வயது. கேட்டுக்கொண்டே இருந்த நல்ல ஆய்வுக்கூடம் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை.

குடும்ப உதவித்தொகை தருகிறோம் என்றது அரசு. மேரி மறுத்தார். நான் உழைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்வேன் என்பது அவர் நிலை. கணவர் நடத்திய வகுப்பையே சோர்போன் அவரிடம் ஒப்படைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி நின்று பாடம் நடத்தியதில்லை.

நவம்பர் 5 அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மாணவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். கணவரைப் பற்றி உருக்கமாக ஏதாவது சொல்வார், அழுவார் என்று காத்திருந்தார்கள். மேரி உள்ளே வந்தார், கைதட்டல் அடங்கும் வரை நின்றார். பிறகு, பியர் கடைசி வகுப்பில் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ, அதற்கு அடுத்த வரியிலிருந்து தொடங்கினார்.